மானுக்கு 8 பரப்பு

தம்பி, கனடாவில இருந்து வந்த கையோட வெற்றிலைக்கேணிக் காணிக்கு மான் வரப் பண்ணோணும் எண்டு நிக்கிறாய். நல்ல ஆசை. கொப்பர் அந்த வேலிக்கு ஒரு முழ நிலம் கேட்டு வழக்காடினவர். நீ மானுக்குச் சும்மா குடுக்கிறாய்.

தெற்காலை சுண்டிக்குளம் இருக்கு. 1938 இல பறவையளுக்கெண்டு ஒதுக்கினவை, 2015 இல தேசியப் பூங்காவாக்கினவை. மான் நிக்கிறது அங்க. உன்ர 8 பரப்பு அரை ஏக்கர். கூட்டமாய்த் திரியிற புள்ளிமானுக்கு அது போற வழியில ஒரு தேத்தண்ணிக் கடை, அவ்வளவுதான்.

முதல் வேலை, ஒரு வேலையும் செய்யாதை. உங்கட ஆக்களுக்கு இதுதான் கஷ்டம். வந்த அடுத்த நாளே ஜேசிபி பிடிச்சு ஈச்சம்பத்தையை வழிச்சு, மதில் கட்டி, கேற்றில ரெண்டு சிங்கம் வைப்பியள். மான் மணி அடிச்சு வராது. முள்ளுக்கம்பியைக் கழட்டு. பத்தையில அரைவாசியை விடு, குட்டியை ஒளிக்க மறைப்பு வேணும். மிச்சத்தைத் துண்டு துண்டாய் வெட்டினால் மாரிக்குக் குருத்துப் புல் எழும்பும், மான் தேடுறது அதைத்தான். பாலை, நாவல், இலந்தை நிண்டால் தறியாதை. வன்னியில பார், மந்தி மேலயிருந்து பாலைப்பழத்தைக் கடிச்சும் கடியாமலும் கொட்டும். கீழ மான் நிண்டு பொறுக்கும்.

கட்டுக்கிணறு வேண்டாம், மிருகம் விழுந்தால் ஏறாது. ஒரு பக்கம் சரிவாய்த் துரவு தோண்டு. மோட்டர் போட்டு இறைச்சியோ, மணலுக்குக் கீழ கிடக்கிற மெல்லிசான நல்ல தண்ணி போய் உப்பு ஏறும்.

இப்பிடி விட்டால் மானுக்கு முந்தி ஆர் வருவினம் தெரியுமே? டெங்கு பார்க்கச் சுகாதாரப் பரிசோதகர், அயலட்டை ஆடு, பின்னால கட்டாக்காலி நாய். பரிசோதகர் வர முந்திச் சிரட்டையளைக் கவிட்டு வை. ஆட்டைக் கலை. நாய் திரியிற காணிக்கு மான் வராது, அதைத்தான் வடிவாய்ப் பார்.

கனடாவில மானுக்குக் குளோவர் விதைக்கினம் எண்டு போனில படம் காட்டினாய். ஏன் விதைக்கினம் எண்டு சொன்னியே? கொழுக்க வைச்சு, சீசனுக்குத் துவக்கோட மரத்தில ஏறி இருக்கிறதுக்கு. இஞ்சை 1937 தொட்டு வனசீவராசிச் சட்டம் கிடக்கு. மானில கை வைச்சால் மறியல்.

பாணும் பிஸ்கற்றும் போட்டுப் பழக்குவம் எண்டும் நினையாதை. திருகோணமலைக் கோட்டையடி மானைப் பார்த்தனியே? கோணேசர் கோயிலுக்குப் போறவை நீட்டுறதைத் தின்னுது, ரோட்டில நிக்குது, குப்பையில பொலித்தீனை விழுங்கிச் சாகுது.

மான் வராட்டியும் முயலும் கௌதாரியும் வரும், அதுக்கு நட்டமில்லை. நீ பிளேன் ஏறிப் போய் ரெண்டு மூண்டு மாரி கழிச்சு வா. அதுமட்டும் காணித் தென்னையளில தேங்காயை நான் பிடுங்கிறன். மான் தேங்காய் உரிக்காது.