அரை அங்குலம் இடிக்குது சார்!

வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 20 அடி அகலம், 30 அடி நீளம். திருச்சிப் புறநகரில் மனை வாங்கிய நண்பரின் கையிருப்புக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகும். 600 சதுர அடி ஒன்றும் மோசமில்லை. ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு அரசு போட்டிருக்கும் கணக்கே 360 சதுர அடிதான். ஆனால் நண்பர் வீட்டில் கூடிய கமிட்டி, நாலு பேர் குடியிருக்க வீடு கேட்கவில்லை. பொங்கலுக்கு வரப்போகிற பதினாலு பேருக்குக் கேட்டது.

அம்மாவுக்குத் தனிப் பூஜையறை. மனைவிக்கு அக்னி மூலையில் சமையலறை. மகனுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, எந்த மூலையானாலும் சரி. மச்சான் ஊரிலிருந்தபடியே போனில் போர்டிகோ கேட்டார். கார் பிறகு வாங்கிக்கொள்ளலாமாம்.

என்ஜினியர் பாதியை அடித்துவிட்டார். பத்தடி உயரம் ஏற, ஏழு அங்குலப் படியாக வைத்தாலும் பதினேழு படி வேண்டும் என்பதால் மாடிப்படி வெளியே போனது. பூஜையறை ஹால் சுவரில் அலமாரியானது. போர்டிகோ மச்சானுடனேயே ஊரில் தங்கிவிட்டது.

பிறகு மனையடி சாஸ்திரம் வந்தது. அறையின் உள் அளவு 8, 10, 11, 16, 17 அடி என்றால் நல்லது. 12 முதல் 15 வரை எதுவுமே ஆகாது. 12 அடியில் ஹால் போட்டால் என்ன ஆகும் என்று நண்பர் கேட்டார். அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல மறுத்துவிட்டார்.

சரி, கணக்கு. 20 அடியில் இருபுறமும் 9 அங்குலச் சுவர் போக 18 அடி 6 அங்குலம். நடுத்தடுப்பு நாலரை அங்குலம் போனால் மிச்சம் 18 அடி ஒன்றரை அங்குலம். ஹாலுக்குப் பத்து, படுக்கையறைக்கு எட்டு! அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பூச்சை விட்டுட்டீங்களே சார்,” என்றார் மேஸ்திரி.

முகத்துக்கு அரை அங்குலம் என்றால் நாலு முகத்துக்கு இரண்டு அங்குலம். கையிலிருப்பதோ ஒன்றரை. பூச்சுக்கு முன்பு அளப்பதா, பின்பா என்பதில் இரண்டு ஜோசியர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். தட்சிணையில் மட்டும் வித்தியாசமில்லை.

இங்கேதான் லாரி பேக்கர் (1917–2007) வருகிறார். பர்மிங்ஹாமில் பிறந்து கேரளத்தில் சிக்கன வீடுகளாகக் கட்டித் தள்ளியவர். பூசாத செங்கல் சுவர் அவருடைய முத்திரை. பூச்சு, பட்டி, பெயின்ட், சில வருஷம் கழித்து மறுபடி பெயின்ட் எல்லாமே மிச்சம். செங்கலைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் ‘ராட் டிராப்’ முறையையும் பரப்பினார். அதில் கால்வாசி செங்கல் மிச்சமாகும், வெயிலின் சூடும் சட்டென்று உள்ளே இறங்காது. நண்பர் இதையெல்லாம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை.

“பொந்துல ஆணி நிக்காது சார். தாத்தா படத்தை எதுல மாட்டுவீங்க?” என்று மேஸ்திரி கேட்டதோடு பொந்து முறை முடிந்தது. ஆனால் பூசாத சுவர் ஒரே மூச்சில் நிறைவேறியது. சிக்கனத்துக்கு மசியாத குடும்பம் அரை அங்குலத்துக்கு மசிந்தது. குளியலறைக்கு மட்டும் பூச்சும் டைல்ஸும்.

கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் பந்திக்கு உட்காரும் முன்பே கேட்டார்கள்: “பூச்சு வேலை எப்போ? பணம் முடையா?” மேஸ்திரிதான் கெத்தாகப் பதில் சொன்னார். இப்போது பக்கத்து மனைக்காரரிடம் அதே மாதிரிச் சுவருக்குக் கூலி கூட்டிக் கேட்கிறாராம். “பூச்சுன்னா கோணல் எல்லாம் மறைஞ்சிடும். இதுல ஒவ்வொரு கல்லும் தெரியுமே சார்!”