மனசுக்குப் படோணுமுங்க

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒரு ஆர்டரை எடுப்பதா விடுவதா என்பதை இரண்டு கட்டங்களில் முடிவு செய்கிறார். முதல் கட்டம் காஸ்டிங். இது முழுக்க அறிவின் வேலை. நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி, சாயக்கூலி, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், வேஸ்டேஜ் எத்தனை சதவீதம் என்று பைசா சுத்தமாக எழுதப்படும். லேபிளும் பாலிபேக்கும்கூட விடுபடாது. மெர்ச்சண்டைசர் எக்செல்லில் போட்டுக் கொடுத்ததை நம்பாமல், பழைய பில்லின் பின்பக்கத்தில் முதலாளியே மறுபடி போட்டுப் பார்ப்பார். விடை அதேதான் வரும்.

இரண்டாம் கட்டத்தில் அந்தத் தாள் மடிந்து சட்டைப்பைக்குள் போய்விடும். "கணக்கு சரியாத்தானுங்க இருக்குது. மனசுக்குப் படோணுமில்லீங்க?"

மனசுக்குப் படுவதற்கு நேரம் காலம் உண்டு. செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது. ஐரோப்பாவில் அப்போது காலை. பையர் சுறுசுறுப்பாக வீடியோ காலில் வந்து உட்காரும் நேரம். 4.30 வரை திருப்பூரில் நெட்வொர்க் கிடைக்காது. பையர் இதை இந்தியத் தொலைத்தொடர்பின் குறைபாடு என்றே இன்றுவரை நம்புகிறார்.

அப்படியும் பிடிபடாவிட்டால் பூ கேட்பது: வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் மடித்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பார்ப்பது. கொங்கு நாட்டில் இது பழைய வழக்கம். காங்கேயம் அருகே சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில், பக்தரின் கனவில் உத்தரவான பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கே பூ கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் வைப்பார்கள். முதலாளி குலதெய்வக் கோயிலில் டி-ஷர்ட் ஆர்டருக்குக் கேட்கிறார். சிவப்பு வருகிறது. "ஏனுங்க பூசாரி, பொட்டலத்தைச் சரியாத்தான் மடிச்சீங்களா? இன்னொருக்காக் கேட்டுப் பாத்தரலாங்க." மூன்றாவது முறை வெள்ளை வருகிறது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். ஆர்டரை எடுப்பதென்று சாம்பிள் வந்த அன்றே முடிவாகிவிட்டது என்பது பூசாரி உட்பட எல்லோருக்கும் தெரியும்.

இதில் முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் அறிஞர் 1994இல் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். மூளையின் முன்பகுதி சேதமடைந்தவர், அறிவுக்குக் குறைவில்லை, உணர்ச்சிதான் மங்கிவிட்டது. அடுத்துப் பார்க்க வர இரண்டு தேதிகளில் எது தோது என்று கேட்டதற்கு, அரைமணி நேரம் காரணங்களை அடுக்கியும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவரால் முடியவில்லை. உணர்ச்சி கைகொடுக்காவிட்டால் கணக்கு முடிவுக்கு வராது. தவிர, காலையில் போட்ட காஸ்டிங் மாலைவரை நிற்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்து ஊரே கம்பெனிகளைப் பூட்டியபோது, பைசா சுத்தமாகப் போட்ட கணக்குகளும் பல்லிளித்தன.

ஆனால் டெய்லர் வந்து பீஸுக்கு 25 பைசா கூட்டிக் கேட்கும்போது இரண்டாம் கட்டமே கிடையாது. ராகுகாலம் பார்ப்பதில்லை, பூ கேட்பதில்லை. சட்டைப்பையிலிருந்து தாள் வெளியே வருகிறது. "கட்டுபடியாகாதுங்க." இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். இந்த முதலாளியும் ஒரு காலத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்தான். அதனால் தெரியாமல் செய்கிறார் என்றும் சொல்ல முடியாது.