பஞ்சீற்றுப் புணரியல்

நன்னூலார் உயிரீற்றுப் புணரியல் சொன்னார், மெய்யீற்றுப் புணரியல் சொன்னார். பழைய அம்பாசிடரில் புதுப் பஞ்சு வைத்த சீட்டும் ஃப்ளோர் கியரும் எப்படிப் புணரும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். 13ஆம் நூற்றாண்டில் அம்பாசிடர் ஏது என்ற சமாதானத்தை இவ்வாய்வாளர் ஏற்பதற்கில்லை. இலக்கணம் என்றால் வரப்போவதற்கும் சேர்த்துத்தானே?

1950களின் பிற்பகுதியில் உத்தரபாரா ஆலையிலிருந்து வரத் தொடங்கிய அம்பாசிடருக்கு ஹேண்ட் கியர். ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருக்கும். முன்னால் ஒரே நீள சீட். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். சொந்தக்காரர்கள் என்றால் நான்கு. 1990களின் தொடக்கத்தில் இசுசு எஞ்சின் வந்தபோது கியர் தரைக்கு இறங்கியது. கம்பெனிக்காரர்கள் முன் சீட்டை இரண்டாகப் பிரித்தும் கொடுத்தார்கள். நம்மவர்கள் பழைய வண்டியில் அந்த எஞ்சினையும் கியரையும் ஏற்றிக்கொண்டு, நீள சீட்டை மட்டும் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். சிக்கல் பிறந்தது அங்கேதான்.

சீட் ஏற்கெனவே அங்கிருந்ததால் நிலைமொழி. பிறகு வந்த கியர் ராடு வருமொழி. இரண்டும் மாற்றமில்லாமல் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. 1961 முதல் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்குச் சான்று: தனித்தனி சீட், நடுவே கியர், யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. மற்றதெல்லாம் விகாரம். சீட்டின் முன்விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்தால் தோன்றல். ராடைச் சூடுகாட்டி வளைத்தால் திரிதல். நடு ஆளின் இடமே போய்விட்டால் கெடுதல். அந்த நடு ஆள் போக மறுத்து, ராடுக்கு இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அவரே உடம்படுமெய்.

இனி களப்பணி. என் வண்டியும் அப்படித் தரைக்குக் கியர் இறக்கிய 1978 மாடல். சீட்டில் ஸ்பிரிங், அதன் மேல் கோணி, அதன் மேல் தேங்காய் நார். எல்லாம் அமுங்கி அப்பளமாகிவிட்டிருந்தன. கோவையில் ஒரு சீட் கடையில் விட்டேன். 4 அங்குல ஸ்பாஞ்ச், மெரூன் ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தது. டேப் வைத்து அளந்தேன். நியூட்ரலிலிருந்து இரண்டாம் கியருக்குக் குமிழ் 3 அங்குலம் பின்னால் வர வேண்டும். சீட் விளிம்பு வரை மூன்றேகால் இருந்தது. கால் அங்குலம் மிச்சம் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மாமா இடப்பக்கம் ஏறினார். அதுவரை சரி. பிறகு மாமி ஏறினார், மாமா நடுவுக்கு நகர்ந்தார். மாமா 90 கிலோ. அமுங்கிய ஸ்பாஞ்சுக்குப் போக்கிடம் வேண்டுமே? முன்னால் பிதுங்கியது. மூன்றேகால் இரண்டேகால் ஆயிற்று. ஒன்றும் மூன்றும் முன்னால் தள்ளும் கியர்கள், பழுதில்லை. இரண்டும் நான்கும் பின்னால் இழுப்பவை. என் விரல் முட்டி ரெக்ஸினில் இடிக்க, இரண்டாம் கியர் பாதிதான் விழுந்தது. மேட்டில் நழுவி நியூட்ரலுக்கே திரும்பியது. பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன்தான் இவ்வாய்வுக்குக் கிடைத்த முதல் மதிப்புரை.

சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டால் என்ன என்பார் பூர்வபட்சி. நீள சீட் ஐயா அது. தள்ளினால் ஓட்டுகிறவனும் சேர்ந்து பின்னால் போவான். எனக்குக் கிளட்ச் எட்டாது.

கடைக்குத் திரும்பப் போனேன். மாஸ்டர் ஆள் இல்லாத வண்டியில் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நியூட்ரல்ல நல்லாத்தானுங்க நிக்குது?” என்றார். மூலபாடம் பிழைபட்ட இடம் அதுதான். காலி வண்டியில், நியூட்ரலில், எந்த சீட்தான் பொருந்தாது?

அடுத்த நாள் மாமாவையே கூட்டிப்போனேன். அவரை நடுவில் உட்காரவைத்து, இரண்டாம் கியரில் போட்டு, குமிழ் வந்து நிற்கும் இடத்தை மாஸ்டர் சாக்பீஸால் குறித்தார். ரெக்ஸினைப் பிரித்து, அந்த இடத்தில் பிறை வடிவில் ஒன்றரை அங்குலம் செதுக்கி, விளிம்புக்கு மட்டும் அழுத்தமான ரீபாண்ட் பஞ்சை ஒட்டித் தைத்தார். அது பிதுங்கவில்லை. இலக்கணப்படி இது தோன்றல். மாமாவின் கணக்கில், அவர் காலுக்கு வைத்த பள்ளம்.

சீட் கடை அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ரெக்ஸினை இழுத்து அடிப்பதற்கு முன், இரண்டாம் கியரில் போட்டு, கனமான ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மாமா வருவார். ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் போதும்.