சி.என்.சி. அண்ணன்

மதுரையில் ஒரு வீட்டில் கார் தெருவில் நின்று, கார் ஷெட்டுக்குள் ராத்திரி பதினொரு மணிக்கும் லைட் எரிந்தால், உள்ளே ஒரு சி.என்.சி. அண்ணன் இருக்கிறார் என்று அர்த்தம். திருநகர், கூடல்நகர், வில்லாபுரம் என்று ஏரியாவுக்கு ஒருவராவது தேறுவார். பகலில் பேங்கிலோ மில்லிலோ கௌரவமான உத்தியோகம். இருட்டியதும் கைலியை மடித்துக் கட்டி ஷெட்டுக்குள் நுழைந்தால், மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் சாப்பிட வருவார்.

உள்ளே உருவாவது சி.என்.சி. என்கிற மரம் செதுக்கும் மெஷின். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் போதும். நீளம், அகலம், ஆழம் என்று மூன்று திசையிலும் மோட்டார்கள் நகர்த்த, நிமிஷத்துக்கு 24,000 சுற்றுச் சுற்றும் பிட் பலகையில் மயிலோ மாங்காயோ கொத்தித் தள்ளும். விலைக்கு வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். "நாமளே செஞ்சா பாதி விலைதான்" என்று அண்ணன் ஆரம்பித்தார். அந்தப் பாதியைத் தாண்டி எத்தனை நாளாயிற்று என்பது வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. "பூஜை ரூம் கதவுல மீனாட்சி கல்யாணத்தையே கொத்தித் தாரேன்" என்று அண்ணிக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. பூஜை ரூமில் இன்றுவரை ஸ்கிரீன் துணிதான் தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடையில் அண்ணனைப் பார்க்க வேண்டும். ஒரு சட்டத்தைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோணல் இருக்கிறதா என்று நுனிவரை பார்ப்பார். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்பது அண்ணி தரப்பு. அங்கிருந்து டவுன் ஹால் ரோட்டில் ஒயர், புதூர் தொழிற்பேட்டை லேத்தில் கடைசல். அண்ணன் வண்டி வாசலில் நின்றாலே டர்னர் தம்பி டீக்குடிக்கக் கிளம்பிவிடுவார்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் பாடம், அப்புறம்தான் காபி. "1952ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.காரன் இந்த மாதிரி மெஷின மொதமொதல்ல ஓட்டிக் காட்டினான். கன்ட்ரோல் பெட்டி மெஷினவிடப் பெருசு. உள்ள பூரா வால்வு! இப்ப பாருங்க, உள்ளங்கை அளவு ஆர்டினோ போர்டு. அதுல ஓட்டுறதுக்கு கிர்பிள்னு சாஃப்ட்வேர், 2009லயே சும்மா குடுத்துட்டாங்க." அண்ணி காபியை நீட்டிக்கொண்டே சொல்வார்: "மூளை கைக்குள்ள அடங்கிருச்சுங்க. ஒடம்புதான் ஷெட்ட அடைச்சிருக்கு."

அந்த மூளைக்கு ஒரு குறை உண்டு. கரண்ட் போய் வந்தால், தான் எந்த இடத்தில் நின்றோம் என்பதே அதற்கு மறந்துவிடும். மறுபடி மூலைக்குப் போய் சுவிட்சைத் தொட்டு, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும். நம்மூர்க் கரண்டை நம்பி 'முருகன் துணை' என்று கொத்த ஆரம்பித்த பலகை, 'முருகன் து' என்ற அளவில் சுவரோரம் சாய்ந்திருக்கிறது.

ஆனால் துல்லியத்தில் மட்டும் அண்ணனை அசைக்க முடியாது. ஒருநாள் தெரு முக்கில் கடை வைத்திருக்கும் ஆசாரி எட்டிப் பார்த்தார். அண்ணன் விடுவாரா? "மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். ஒவ்வொண்ணையும் எட்டாப் பிரிச்சா 1,600. ஒரு சுத்துக்குத் திருகு நகர்றது 5 மில்லிமீட்டர். அப்பன்னா ஒரு ஸ்டெப்புக்கு 0.003 மில்லிமீட்டர்! அங்கிட்டு இங்கிட்டு அசையாது."

ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். "நல்லதுதாண்ணே. ஆனா ஐப்பசி மழைக்குக் கதவு ஒரு நூல் ஊதுமேண்ணே?"

ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அண்ணன் ராத்திரி ராத்திரியாக முழித்துப் பிடித்த துல்லியத்தைப் போல ஆயிரம் மடங்கு. அதை ஒரே மழையில் மரம் தின்றுவிடும். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது மரத்தோட தப்பு" என்றார்.

என்றாவது ஒருநாள் மெஷின் பிசிறில்லாமல் ஓடத்தான் செய்யும். மயில் மயிலாகவே வரும். பிள்ளைகள் கைதட்டும், அண்ணி ஸ்கிரீன் துணியைக் கழற்றிவிடலாமா என்று யோசிப்பார். அண்ணன் முகம் மட்டும் வாடிப்போகும். இனிமேல் ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்வது? மெஷினின் வேலை தொடங்கினால் அண்ணனுக்கு வேலை போய்விடும். மறுநாளே குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "லேசா பிளே இருக்கு" என்பார். ஸ்பேனர் கைக்கு வந்ததும் முகம் தெளிந்துவிடும்.

பொறுத்துப் பார்த்த அண்ணி ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். தகவல் சொன்னபோது அண்ணன் கோபப்படவில்லை.

"அதுவும் நல்லதுதான். மெஷினுக்கு வேற ஜாப் வந்துருக்கு."

"யாருதுங்க?"

"நம்மளதுதான். அடுத்த மெஷினுக்குப் பலகை அறுக்கணும்."