வராத வீரர்களின் அதிபதி

கனடாவின் டொரொன்டோ நகரத்தில், காலையில் டை கட்டிக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய், பிறத்தியார் வீடு தீப்பற்றினால் எவ்வளவு கொடுக்கலாம், எதைச் சொல்லிக் கொடுக்காமலிருக்கலாம் என்று நாளெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பியதும், ஸ்வீடனில் ஏதோ ஒரு சிற்றூரில் ஐஸ் ஹாக்கி ஆடுகிற பதினெட்டு வயதுப் பையனுடைய எதிர்காலத்தைத் தம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே நிர்ணயம் செய்கிற கனவான் ஒருவரைச் சந்திக்கும் பாக்கியம் உங்களுக்கு வாய்க்குமானால், அவரைச் சாமானியர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் ஒரு குழுவுக்கு அதிபதி.

அந்தக் குழுவுக்கு மைதானம் இல்லை, சட்டை இல்லை, சம்பளப் பட்டுவாடாவும் இல்லை. ஃபேன்டஸி லீக் என்று அதற்குப் பெயர். சிநேகிதர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, தேசிய ஹாக்கி லீக்கில் நிஜமாகவே ஆடுகிற வீரர்களைக் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த வீரன் எங்கோ ஒரு கோல் போட்டால் இங்கே இவர் கணக்கில் புள்ளி ஏறும். இதிலேயே திருப்தியடைகிறவர்கள் லௌகிகர்கள். நம்மவர் அந்தப் படியைத் தாண்டியவர். அவர் சேர்ந்திருப்பது, வாங்கிய வீரனை வருஷக்கணக்கில் விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியுள்ள டைனஸ்டி லீக். ஆகவே, இன்னும் லீக்குக்குள் காலடி வைக்காத பிள்ளைகளையும் முன்கூட்டியே பிடித்துப் போட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. பிடிபட்ட பிள்ளைக்கு மட்டும் தான் பிடிபட்ட விஷயம் தெரியாது.

நிஜமான டிராஃப்ட், அதாவது லீக் குழுக்கள் இளம் பிள்ளைகளை முறை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சடங்கு, ஜூன் மாத வாக்கில் நடக்கிறது. 32 குழுக்கள், ஏழு சுற்றுக்கள், 224 பையன்கள். ஒவ்வொரு குழுவும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற நிபுணர்கள், மூஸ் ஜா, மெடிசின் ஹாட் முதலிய ஊர்களுக்குக் கொட்டுகிற பனியில் கார் ஓட்டிச் சென்று, குளிர்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டு, ஒரே பையனைப் பல தடவை பார்த்த பின்னும், நிச்சயமாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுதி அனுப்புவார்கள். நம்மவருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. மூன்று நிமிஷ வீடியோ ஒன்று, அதுவும் பையன் போட்ட கோல்களை மட்டும் பொறுக்கித் தொகுத்தது, அவருக்குப் போதுமானது. இத்தனைக்கும் அவர் பனித்தரையில் இறங்கினால் பக்கத்துப் பலகையைப் பிடித்த கையை எடுப்பதில்லை என்பது அவர் குடும்பத்தார் அனைவரும் அறிந்த இரகசியம்.

அவர் பரீட்சிக்கும் முறை, பெண்ணைப் பெற்றவர் வரன் பார்க்கிற முறையிலிருந்து அதிகம் மாறுபட்டதன்று. முதலில் பிறந்த தேதி. செப்டம்பர் 15-க்குள் பதினெட்டு நிறைந்தவர்களே அந்த வருஷத்து டிராஃப்டுக்குத் தகுதியுள்ளவர்கள் என்பது சட்டமாகையால், ஓரிரு நாள் பிந்திப் பிறந்தவன் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். 1997 செப்டம்பர் 17-ல் பிறந்த ஆஸ்டன் மாத்யூஸ் அப்படித்தான் காத்திருந்து, 2016-ல் முதல் ஆளாக டொரொன்டோவுக்கு வந்து சேர்ந்தார். இந்தச் சரித்திரத்தைச் சொல்லும்போது, அந்தப் பிரசவத்தைத் தாமே இரண்டு நாள் தள்ளிப்போட்டவர் போல நம்மவர் முகத்தில் ஒரு களை வரும். அடுத்தபடி உயரம், எடை. பிறகு வம்சம்: தகப்பனார் ஆடினாரா, அண்ணன் ஆடுகிறானா, அம்மா வழியில் யாராவது உண்டா? கடைசியாகத்தான், பையன் எத்தனை கோல் போட்டான் என்ற அற்ப விஷயம். அதையும் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார். ஸ்வீடனில் எடுத்த புள்ளி, பின்லாந்தில் எடுத்த புள்ளி, ஒண்டாரியோ ஜூனியர் லீக்கில் எடுத்த புள்ளி ஒவ்வொன்றையும் தனித்தனி எண்ணால் பெருக்கி, தேசிய லீக்கில் அது எவ்வளவு பெறும் என்று காண்பதற்கு அவரிடம் ஒரு வாய்பாடு இருக்கிறது.

டிசம்பர் 26-ல் இளைஞர்களுக்கான உலகப் போட்டி தொடங்கிவிட்டால் வீட்டில் கிறிஸ்துமஸ் முடிந்தது என்று அர்த்தம். போட்டி ஐரோப்பாவில் நடந்தால் விடிவதற்கு முன்பே டெலிவிஷன் எதிரே ஆஜராகி, ஸ்லோவாகியாவும் லாட்வியாவும் மோதுகிற ஆட்டத்தை, அந்த இரண்டு தேசத்துத் தூதர்களும் காட்டாத சிரத்தையுடன் பார்ப்பார். ஒரு சமயம் அவர் பிடித்து வைத்திருந்த பையனுக்குக் காரையெலும்பு முறிந்துவிட்டது. பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, காரையெலும்பு கூடுவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று அந்தப் பல் வைத்தியரை விசாரித்தார். ரஷ்யாவில் ஆடும் ஒரு கோல் காவலாளின் ஒப்பந்தம் எந்த மாதம் காலாவதியாகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். தம் வீட்டுக் கடன் எந்த மாதம் தீர்கிறது என்பதற்கு மட்டும் மனைவியைக் கூப்பிடுவார்.

செப்டம்பரில் இவர்களுடைய சொந்த டிராஃப்ட் நடக்கும் இரவைப் பார்க்க வேண்டும். ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் நீள மேஜை. நடுவே பீட்ஸா, சிக்கன் விங்ஸ். ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு பட்டியல், அதைப் பக்கத்திலிருப்பவர் பார்த்துவிடாதபடி வளைத்துப் பிடித்த ஓர் இடக்கை. வீட்டுத் தவணையையும் வயிற்றுப் புண்ணையும் ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்கிற சிநேகிதர்கள்தாம். இந்தப் பட்டியல் விஷயத்தில் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். நம்மவர் தாம் குறிவைத்த பையனின் பெயரை மூன்று மாதமாக யாரிடமும் உச்சரிக்காமல் காத்து வந்திருக்கிறார். அவர் முறை வருவதற்கு ஓர் ஆள் முன்னால், எதிர்வரிசையிலிருந்த பல் வைத்தியர் — அதே பல் வைத்தியர்தான் — வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார்.

“அவனையா எடுத்தீர்கள்?” என்றார் நம்மவர், ஈனஸ்வரத்தில்.

“நீங்கள்தானே ஐயா அன்றைக்கு அவன் காரையெலும்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டீர்கள்! அதற்கப்புறம்தான் யாரென்று தேடிப் பார்த்தேன்.”

போன வருஷம் ஏதோ ஓர் அவசரத்தில் தாமே அந்தப் பையனைக் கைவிட்டிருந்த நம்மவர், அன்றிரவு மேற்கொண்டு சாப்பிடவில்லை.

டிராஃப்ட் என்ற ஸ்தாபனம் எவ்வளவு பெரிய பண்டிதர்களையும் கவிழ்த்திருக்கிறது என்பதை அவர் அறியாதவரல்லர். அந்தச் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1993-ல் முதல் ஆளாக ஒட்டாவா எடுத்த அலெக்சாந்தர் டேகிள் எதிர்பார்ப்பில் பாதியையும் நிறைவேற்றவில்லை. இரண்டாவதாகப் போன கிறிஸ் பிராங்கர் ஹாக்கி கீர்த்தி மண்டபத்துக்குள் போனார். 1999-ல் அட்லான்டா முதலில் எடுத்த பாட்ரிக் ஸ்டெஃபான், 2007 ஜனவரியில் டல்லஸ் குழுவுக்காக ஆடுகையில், காவலாளே இல்லாத காலி கோலுக்கு முன்னே, பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டான பக்கைத் தவறவிட்டு விழ, எட்மன்டன் அதைக் கொண்டுபோய் இரண்டு விநாடி மீதமிருக்கையில் மறுபக்கம் கோல் போட்டது. அதே 1999-ல் 210-ஆவது ஆளாக, ஏறக்குறைய யாரும் கவனிக்காத நேரத்தில், டெட்ராய்ட் எடுத்த ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 2008-ல், லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பை ஆட்டங்களின் சிறந்த வீரரானார். மார்ட்டின் ஸான் லூயியை, ஆள் குள்ளம் என்று, எந்தக் குழுவும் டிராஃப்டில் தொடவே இல்லை. அவர் இரண்டு வெவ்வேறு வருஷங்களில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்து, 2018-ல் கீர்த்தி மண்டபம் ஏறினார். இவ்வளவையும் ஒப்பித்த பிறகு, சாதாரண மனிதனுக்குச் சற்று அடக்கம் பிறக்கும். நம்மவருக்கோ, அன்றைக்குத் தம்மைக் கேட்டிருக்கலாமே என்ற ஆதங்கம்தான் பிறக்கிறது. பையன் பிரகாசித்தால் அது இவருடைய கண். பிரகாசிக்காவிட்டால் அது கோச்சினுடைய துர்ப்புத்தி.

ஆனால் பையன் பிரகாசித்துவிட்டால்தான் உண்மையில் சங்கடம். நாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பிள்ளை ஒருவழியாக லீக்கில் இடம் பிடித்து, ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி சேர்க்கத் தொடங்கியதும், நம்மவருக்கு அவன்மேலிருந்த பிரேமை குன்றிவிடுகிறது. “இவன் இவ்வளவுதான், இனிமேல் ஏற இடமில்லை” என்று சொல்லி, அவனைக் கொடுத்துவிட்டு, இன்னும் மீசை சரியாக முளைக்காத மூன்று பையன்களை வாங்கிக்கொள்வார். வந்தவனிடம் குறை தெரிகிறது. வராதவனிடம் அது தெரிய வழியில்லை. இதன் பலனாக அவருடைய குழு வருஷா வருஷம் கடைசி இடத்துக்கு வருகிறது. கடைசியில் வந்தவருக்கு அடுத்த டிராஃப்டில் முதல் வாய்ப்பு என்பது விதியாதலால், அதிலும் அவருக்குப் பரம சந்தோஷமே. கேட்டால், குழுவைப் புனர்நிர்மாணம் செய்து வருவதாகச் சொல்வார். 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைக் கண்ணால் காணாத ஊரில் வசிப்பவருக்கு இந்தப் பொறுமை தண்ணீரோடு சேர்ந்து வந்திருக்கக்கூடும்.

அவர் லட்சியத்துக்கு முழுக்கப் பொருந்திய வீரன் ஒருவன் உண்மையில் இருந்தான், அல்லது இல்லாமலிருந்தான். 1974-ல், டெலிபோன் மூலம் இழுத்துக்கொண்டே போன டிராஃப்டில் சலிப்புற்ற பஃபலோ குழுவின் நிர்வாகி பஞ்ச் இம்லாக், 11-ஆவது சுற்றில், 183-ஆவது ஆளாக, டோக்கியோ கட்டானாஸ் என்ற குழுவின் டாரோ சுஜிமோட்டோவைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார். லீக்கும் பதிவு செய்துகொண்டது. அப்படி ஒரு குழுவும் இல்லை, அப்படி ஒரு பையனும் இல்லை என்பது பின்னால்தான் வெளிவந்தது. இந்தக் கதையை நான் நம்மவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, “183-ஆவது இடத்தில் அது மோசமான தேர்வு என்று சொல்ல முடியாது” என்றார்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். டொரொன்டோ பக்கம் போகிறவர்கள், விருந்தொன்றில் இவர் உங்களைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தி, நீங்கள் கேள்வியே பட்டிராத ஒரு பையனைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால், கலவரப்பட வேண்டாம். “கைத்திறன் இருக்கிறது; உடம்பு கொஞ்சம் தேற வேண்டும்; இன்னும் இரண்டு வருஷம் பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். பதினெட்டு வயதுப் பையன் எவனுக்கும் இது பொருந்தும். பையன் பெயரைத் திருப்பிச் சொல்ல மட்டும் முயல வேண்டாம்.