அடிபட உரிமையுண்டு

அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர் தம் பேச்சுரிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதில்லை. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வந்த பிள்ளைகளின் வழக்கில், 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நல்ல தீர்ப்புதான்.

1977இல் ஃபுளோரிடா மாணவன் ஒருவனின் வழக்கு வந்தது. மரப்பலகையால் இருபது அடிக்கு மேல் வாங்கியவன். கொடூரத் தண்டனைக்கு எதிரான அரசியல் சட்டப் பாதுகாப்பு குற்றவாளிகளுக்குத்தான், பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை என்று ஐந்துக்கு நான்காகத் தீர்ப்பாயிற்று. வங்கியைக் கொள்ளையடித்தவனுக்கு உள்ள காப்பு, வாத்தியார் சொல்பேச்சுக் கேட்காதவனுக்குக் கிடையாது. (அந்தப் பலகையை இன்னும் சட்டப்படி அனுமதிக்கும் மாநிலங்கள் உண்டு.) அடிப்பதற்கு முன் விசாரணையும் தேவையில்லையாம், அடி அளவு மீறினால் பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாமாம். உட்கார முடிந்ததும் வக்கீலைப் பார்க்கலாம்.