பில்லின் பின்பக்கம்

எங்கள் தெரு வாடகைப் பாத்திரக் கடையின் பில்லுக்கு முன்பக்கம் பிள்ளையார் சுழி, பின்பக்கம் ஏழரைச் சனி. "சாமான் கடையை விட்டுப் போனபின் கடை பொறுப்பல்ல." "சேதாரத்தில் கடைக்காரர் சொல்வதே முடிவு." "தாமதித்தால் மும்மடங்கு வாடகை." இதையெல்லாம் யாரும் படித்ததில்லை. நிதானமாகப் படிக்கிற நிலையில் இருப்பவர்கள் கல்யாணம் நடத்துவதில்லை.

ஒருவர் மட்டும் படித்துவிட்டு, "கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்றாராம். கடைக்கார அண்ணாச்சி பில் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்குத் தெருவில் இதுதான் வேலை.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்தேன். 151-ஆவது பிரிவுப்படி, சராசரி விவேகமுள்ளவன் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல வாடகைச் சாமானையும் பார்த்துக்கொண்டால் போதும்.

"சொந்த அண்டாவ எவன் சார் மாடிப்படியில உருட்டுவான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணாச்சி கடையில் ஒடுக்கு விழாத அண்டாவே கிடையாது. சில ஒடுக்குகளுக்கு மூன்று கல்யாண வீடுகள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கின்றன. அதனால் முதல் நிபந்தனை: சாமான் ஏறும்போதே பழைய ஒடுக்கையெல்லாம் இரு தரப்பும் பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தொலைந்த கரண்டிக்கு என்ன விலை என்பதும் முன்பே பில்லில் இருக்க வேண்டும். அண்ணாச்சிக்கு அதில் அக்கறை இல்லை. பக்கத்து ஊர்க் கடையின் பேர் வெட்டிய ஜல்லிக்கரண்டி வந்தாலும் எண்ணிக்கை சரியென்றால் வாங்கிப் போட்டுக்கொள்வார்.

தாமதத்துக்கு வந்தோம். மும்மடங்கு என்று எழுதிக்கொண்டால் மும்மடங்கு கிடைத்துவிடாது. 74-ஆவது பிரிவுப்படி, எழுதிக்கொண்ட தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் கொடுக்கும். 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டமோ, அளவுக்கு மீறிய டெபாசிட்டையும் நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதத்தையும் நியாயமற்ற ஒப்பந்தக் கணக்கில் சேர்க்கிறது. மறுநாள் முகூர்த்தத்துக்கு அந்த அண்டாவை வேறு யாருக்காவது பேசியிருந்தால் நஷ்டம் உண்டு. ஆடி மாசத்தில்?

"ஆடியில அண்டா உங்க கடையில இருந்தா என்ன, அவங்க வீட்டுல இருந்தா என்ன, அண்ணாச்சி?"

"அங்க இருந்தா தூசி தட்டுற வேல மிச்சம்" என்று அவரே ஒத்துக்கொண்டார். கூடுதல் நாளுக்கு ஒரு நாள் வாடகை என்று முடிந்தது.

ஜெனரேட்டரில்தான் வண்டி நின்றது. வாடகைக்கு விட்ட பொருளில் பழுது இருந்து, அதனால் நஷ்டம் வந்தால், அந்தப் பழுது தெரியாது என்று உரிமையாளர் தப்ப முடியாது என்கிறது 150-ஆவது பிரிவு. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன தையில் அவருடைய ஜெனரேட்டர் வரவேற்பின் நடுவில் உயிரை விட்டு, வந்த சனமெல்லாம் மாப்பிள்ளையைச் செல்போன் டார்ச்சில் பார்த்துவிட்டுப் போனது ஊரறிந்த சங்கதி. கிளம்பும் முன் கால் மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும், நின்றால் உடனே மாற்று, இல்லாவிட்டால் பணம் வாபஸ் என்று எழுதினேன்.

"எழுதுங்க. கூடவே, கடைக்காரரையும் சாப்பிடக் கூப்பிடணும்னு ஒண்ணு போடுங்க."

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"ஜெனரேட்டர் நின்னா நான் பந்தியிலயே இருப்பேன்ல?"

சட்டத்தில் தேடிப் பார்த்தேன்; தடை ஏதும் இல்லை. முதல் பந்தியா, கடைசிப் பந்தியா என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சேர்த்தேன்.